படத்தில் காட்டாதது

தியேட்டருக்குப் பின்னால், உள்துறைமுகக் கரையில் சரிந்து கிடந்த அந்த இரும்பு மிதவையை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கப்பல்களைக் கட்டிவைப்பதற்காகத் தண்ணீரில் மிதந்த சாமான். ஏதோ ஒரு மாரியில் சங்கிலி அறுந்து கரை ஒதுங்கி, கேட்பாரில்லாமல் துருப்பிடித்தது. பகலில் தொட்டால் கை பொங்கிவிடும். வெயில் சாய்ந்து, கோடையில் வீசும் கச்சான் காற்றும் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் ஏறலாம். அப்போதும் உள்ளே மிச்சமிருந்த சூடு காற்சட்டையைத் தாண்டி மெல்ல மெல்ல ஏறும், காய்ச்சல்காரரின் மடியில் இருப்பது போல. காதை வைத்தால் உள்ளே ஒரு முழக்கம் கேட்கும். வீட்டுக்குப் போனதும் காற்சட்டையின் துருக் கறையைப் பார்த்தே அம்மாமார் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த மிதவையில் இருந்துதான் நாங்கள் ஐந்து பேர் வில்லன்களை விசாரித்தோம். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. கோயில் கூட்டத்தில்கூடக் கடைசிக் கதிரையில் இருப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இதைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தலைவி, தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவரின் மகள். எங்களைவிட இரண்டு வயது மூத்தவள். அவளுடைய தம்பிமார் அழைத்த மாதிரி நாங்களும் ராத்தா என்றே அழைத்தோம். அவளுடைய வாப்பா ஒரு படத்துக்கு ஒரு பிள்ளையைச் சும்மா உள்ளே விடுவார். ஒரே ஒரு பிள்ளை. திரைக்கு முன்னால் தரையில் இருந்து பார்க்க வேண்டும். பீடித்துண்டு பொறுக்கக் கூடாது. அப்படிப் போன பிள்ளை மறுநாள் மிதவையில் ஏறி மற்றவர்களுக்குப் படம் சொல்ல வேண்டும். படத்தில் வரும் இருமலையும் மழையையும் கூட விடாமல் சொல்ல வேண்டும்.

ராத்தா மட்டும் ஒரு படமும் பார்த்தவள் இல்லை. பெண்பிள்ளைக்கு அந்தக் கூட்டத்துக்குள் என்ன வேலை என்று வாப்பா விடவில்லை. பின்சுவரோடு சாய்ந்து நின்று சத்தத்தை மட்டும் கேட்பாள். ஆனால் படங்களைப் பற்றி அவளை விஞ்சிக் கதைக்க எங்களால் ஏலாது.

கதாநாயகனைப் பற்றி நாங்கள் அதிகம் பேசியதில்லை. அவன் முதலிலேயே நல்லவன், கடைசியிலும் நல்லவன். வில்லன்தான் எங்கள் ஆள். ஒவ்வொரு வில்லனுக்கும் ஒரே கேள்வி: இவன் முழுக் கெட்டவனா, அல்லது எங்காவது ஓரிடத்தில் கொஞ்சம் மனிதனா? அதற்கு வோட்டுப் போடுவோம். வெறும் டின்பால் தகரப் பேணி ஒன்று சுற்றி வரும். முழுக் கெட்டவன் என்றால் நிலக்கரித் துண்டு. ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்றால் சோகி, கரையில் பொறுக்கிய சோழி. நிலக்கரிக்கு அப்போது எங்கள் கரையில் பஞ்சமில்லை. பழைய நீராவிக் கப்பல்களுக்குக் குவித்து வைத்த இடத்தில் மண்ணைக் கிளறினால் வரும். படம் சொன்னவருக்கு வோட்டு இல்லை.

ஒரு ஜமீன்தார் வில்லனுக்காக மூன்று மாலை சண்டை பிடித்தது நினைவிருக்கிறது. ஊரையே எரித்தவன், ஆனால் ஒரு கிளி வளர்த்தான். தபால்காரரின் மகன், எந்த வில்லனுக்கும் கரிதான் போடுகிறவன், அந்தக் கிளி அவனுடைய பெயரைத்தான் சொல்லும், அதனால் அது அவனுக்குத் தன் மேலேயே உள்ள ஆசை என்றான். ராத்தா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கிளி செத்த அண்டைக்கு அவன் சாப்பிட்டவனோ?"

படம் சொன்னவன் சலூன்காரரின் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன். கண்ணை மூடி யோசித்தான். தட்டைத் தள்ளி வைத்ததைக் கண்டதாகச் சொன்னான். சோகி வென்றது. தபால்காரரின் மகன் இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. இன்னொரு வில்லன், சுடப்பட்டுச் சாகும்போது எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டான். அப்போது தபால்காரரின் மகன், "சுட்டாப் பிறகு ஆரும் நல்லவன்தான்" என்றான். அதற்கு எல்லாரும் கரி போட்டோம்.

சட்டங்கள் இப்படி ஒவ்வொரு படமாகச் சேர்ந்து வந்தன. மீசைக்கும் சிரிப்புக்கும் கணக்கில்லை. சின்ன வயதில் கஷ்டப்பட்டவன் என்றால் போதாது, கதாநாயகனும் கஷ்டப்பட்டவன்தானே. எல்லாவற்றுக்கும் பெரிய சட்டம் ராத்தாவுடையது. படத்தில் காட்டாதது நடக்கவில்லை. வில்லன் வீட்டுக்குப் போய் அழுதிருப்பான் என்று நாங்களாக நினைக்கக் கூடாது. காட்டினால் அழுதான், காட்டாவிட்டால் அழவில்லை. ஒரு படமும் காணாத பிள்ளை அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அதிசயம் இல்லை. நாங்கள் சொன்னதற்கு மேல் அவளிடம் எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் ஆசைக்கு ஒன்றைச் சேர்த்துச் சொன்னால் அவளுக்குப் படமே இல்லாமல் போய்விடும்.

நான் சொல்லப்போவது நடந்த வருடக் கச்சான் காலத்தில் எனக்கு ஒன்பது வயது. வெள்ளைக்காரன் தன் கடற்படைக் கப்பல் தளமான டொக்யாட்டை விட்டுப் போய் இரண்டு மாரி கழிந்திருந்தது. எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுந்தெரு முழுக்க, ஒரே நிறம், டொக்யாட்டில் கப்பலுக்கு அடிக்கும் சாம்பல் நிறம். யன்னல், கோழிக்கூடு, கக்கூஸ் தகரம், எல்லாம் சாம்பல். டொக்யாட்டில் வேலை செய்த வீடு எது என்று விசாரிக்கத் தேவையில்லை. மழை இருட்டு வந்தால் ஒழுங்கையே ஒரு கப்பல் போல, இப்போதோ அப்போதோ புறப்படப் போவது போல இருக்கும்.

என் அப்பா அங்கே தச்சர். எங்கள் வீட்டு முன்கதவு அவர் செய்தது. பிடியைத் திருப்பினால் சத்தமே வராது. அவர் வேலையால் வந்ததும் என்னை மடியில் இருத்துவார். காது மடலில் படிந்திருக்கும் மரத்தூளை நான் ஊதி எடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். வேலை போன பிறகு மரத்தூள் இல்லை. குடித்தார். ஒருநாள் சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் அடித்தார். அதற்கு முந்திய மாரி தொடங்கிய கிழமை, ஒரு மத்தியானம், மழைக்குள் மாட்டுவண்டி ஒன்றோடு வந்தார். ஒரு சொல்லும் பேசாமல் முன்கதவைப் பிணைச்சலோடு கழற்றி வண்டியில் ஏற்றினார். அம்மா ஈரச் சீலையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி போனது. அப்பாவும் அதோடு போய்விட்டார். பிறகுதான் குடாவுக்கு அக்கரையில், மூதூரில் தோணி திருத்துகிறார் என்று கதை வந்தது. கதவைக் குடிக்கக் கொடுத்துவிட்டான் என்று ஒழுங்கை சொன்னது. அம்மா மறுத்துச் சொல்லவில்லை.

வாசலில் படங்குத் துணி ஒன்றைத் தொங்கவிட்டோம். மாரி முழுக்க அது அடித்துக்கொண்டே இருந்தது. ஆடுகள் வந்து நின்று எங்களைப் பார்க்கும். ஒருநாள் தொப்பி நனைந்த இரண்டு பேர் வந்து, படங்கைத் தூக்கி, கதவு நிலையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் கிடந்தேன். அப்பா வரவில்லை.

அந்த மாரி கழிந்து வந்த, நான் சொன்ன கச்சானில்தான் செய்தி வந்தது. மூதூருக்கு ஆளேற்றும் மோட்டார்ப் படகான லாஞ்சில் கயிறு எறிகிறவர் வந்து, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அப்பா ஜெட்டிக்கு வருவார், மகனை அனுப்பினால் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புவார் என்றார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தாமல் என்னிடம் சொன்னாள்.

"நான் போ எண்டும் சொல்லமாட்டன், போகாதை எண்டும் சொல்லமாட்டன். உன்ர அப்பா. நீ யோசி."

ஒன்பது வயதில் அதை எப்படி யோசிப்பது? போனால் அம்மாவை விட்டுவிட்டது போல. போகாவிட்டால் இனி அப்பா கேட்கவே மாட்டார் என்று நெஞ்சு சொன்னது. புதன்கிழமையும் வந்துவிட்டது. ஒருவர் கெட்டவரா இல்லையா என்று தீர்ப்பதற்கு எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான் இருந்தது.

போன மாதம் மட்டக்களப்பில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு படம் பார்த்ததாகச் சொன்னேன். நான் வாய் திறந்ததே அவர்களுக்குப் புதினம். "ஊமை படம் சொல்லப் போகுதாம்" என்று தபால்காரரின் மகன் இடம் ஒதுக்கித் தந்தான்.

வில்லனைத் தோணிக்காரன் ஆக்கினேன். தச்சன் என்றால் பிடித்துவிடுவார்கள். கதவையும் மாற்றினேன். தன் வீட்டுக் கூரைத் தகரத்தை மழைக்குள் கழற்றிக்கொண்டு போகிறான் என்றேன். இரட்டையர் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். இப்படி ஒரு வில்லனை அவர்கள் கேட்டதில்லை. கொலை இல்லை, கொள்ளை இல்லை, தன் கூரையையே கழற்றுகிறான். பானையை உடைத்ததைச் சொன்னேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தும் வராததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது உண்மையிலேயே திரையில் ஓடியது போல எனக்குத் தெரிந்தது. தகரங்களின் சத்தம் கேட்டது. மழை வெள்ளை வெள்ளையாக, நூல் நூலாக விழுந்தது. அந்தப் பிள்ளை யாரோ ஒரு பிள்ளை. அவனுக்காக நான் கவலைப்பட்டேன்.

ராத்தா விசாரணையைத் தொடங்கினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தகப்பனுக்கு யாராவது சொன்னதைக் காட்டினார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியென்றால் அந்தக் குற்றம் இல்லை என்று தள்ளிவிட்டாள். எனக்கு உள்ளே ஏதோ இளகியது. பானைக்கு அரைக் குற்றம், பானையைத்தான் உடைத்தான், ஆளை அல்ல. அவன் எப்போதாவது அந்தப் பிள்ளையோடு ஆசையாக இருந்ததைக் காட்டினார்களா என்றாள்.

மரத்தூள் வாய்வரை வந்தது. சொன்னால் தச்சன் என்று தெரிந்துவிடும். அதைவிட, அப்படி ஒன்றை யாரும் படத்தில் காட்ட மாட்டார்கள் என்றும் பட்டது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார், ஒரு பிள்ளை ஊதுகிறது. இதில் என்ன கதை? இல்லை என்று தலையாட்டினேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

"கூரையை ஏன் கழட்டினவன்?" என்றான் தபால்காரரின் மகன்.

"காட்டேல்லை."

"காரணம் காட்டாட்டிக் காரணமில்லை. அது ராத்தான்ர சட்டம்."

ராத்தா பேணியைக் கையில் எடுத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேணி சுற்றியது. மூன்று கரி, ஒரு சோகி.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. காலையில் இருந்து கிணற்றடியில் குந்தியிருந்து எறும்பு பார்த்தேன். பத்து மணிக்கு லாஞ்சின் சங்கு காற்றோடு வந்தது. ஒரு மணிக்கு இன்னொரு தடவை. நாலு மணிக்கும் கேட்டது.

வெயில் தணிந்த பிறகு ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது அதுவே முதல் தடவை. படங்குக்கு வெளியே நின்றாள். வெயிலில் முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது.

"தம்பி, அந்தப் படத்தில வாற ஆளை நான் கண்டனான்," என்றாள்.

நான் படங்கை விலக்கினேன்.

"ஜெட்டியில நிண்டவர். பத்து மணி லாஞ்சு போனது, ஏறேல்லை. உம்மா மீனுக்கு அனுப்பினவ, நான் மீனைக் குடுத்திட்டு ஓடி வந்து பாத்தன், அப்பவும் நிக்கிறார். ஒரு மணி லாஞ்சையும் விட்டிட்டார். ஒழுங்கை திரும்புற இடத்தையே பாத்துக்கொண்டு நிண்டவர். வெயிலுக்க. பக்கத்தில நிழல் இருக்கு, போகேல்லை. போனா அந்தத் திருப்பம் தெரியாது."

"காட்டாதது நடக்கேல்லை எண்டு நீங்கதானே சொன்னது," என்றேன்.

"ஓம். ஆனா இதை நான் கண்டனே," என்றாள் ராத்தா.

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் தன் கண்ணால் பார்த்த முதல் படம் அதுதான் என்று பிற்காலத்தில் எனக்குத் தோன்றியதுண்டு. மூன்று வருடத்தில் அவளைக் கல்முனைப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் காணவில்லை.

மறுநாள் காலை அம்மாவிடம் போகிறேன் என்றேன். அவள் என் தலைக்கு எண்ணெய் வைத்து, இரண்டு தடவை வாரி, மூன்றாம் தடவையும் வாரினாள். ஜெட்டி மட்டும் வந்து, கயிறு எறிகிறவரின் கையில் என்னைப் பிடித்துக் கொடுத்தாள்.

கொட்டியாபுரக் குடாவை நான் அதுவரை கரையில் நின்றுதான் பார்த்திருந்தேன். லாஞ்சில் பார்த்தால் வேறு. கோணமலை பின்னால் போய்க்கொண்டே சின்னதாகி, பிறகு சின்னதாகாமல் அப்படியே நின்றது. டீசல் மணமும் கருவாட்டு மணமும் ஒன்றாகிக் கண்ணைச் சொருகியது. நடுக்குடாவில் இயந்திரச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. மகாவலி வந்து விழும் பக்கத்தில் தண்ணீர் கோடு போட்டது போல நிறம் மாறியது. நாங்கள் நீலத்தில் இருந்து மண்ணிறத்துக்குள் போனோம். எங்கே போகிறேன் என்பது மறந்து, போய்க்கொண்டே இருந்தால் நல்லது என்று இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் காட்டாமல் விட்டவன் ஆவேன். பதினெட்டு வருடம் கழித்து, அப்பா இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, அவரோடு டொக்யாட்டில் வேலை செய்த கிழவர் ஒருவர் எங்கள் வீட்டில் இருந்து சொன்னார். அந்தக் கதவு டொக்யாட்டுத் தேக்கு. மேல்விளிம்பில் நம்பர் வெட்டியிருந்தது. சாமான் குறைகிறது என்று அந்த மாரியில் வீடு வீடாகத் தேடினார்கள். அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் புருசனையும் பெண்சாதியையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். அது தெரிந்த அன்றே அப்பா கதவைக் கழற்றிக் கொண்டுபோய், கல்லைக் கட்டி, குடாவுக்குள் இறக்கிவிட்டார். அந்தக் கிழவர்தான் தோணி வலித்தவர். அம்மாவுக்குப் பொய் வராது, கேட்டால் சொல்லிவிடுவாள் என்று அவளுக்குச் சொல்லவில்லை. தேடுகிறவர்கள் ஜெட்டியில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டதால் அக்கரையில் நின்றார். பிறகு குடிகாரன் என்ற பெயரோடு திரும்பி வர வெட்கம். குடித்ததும் உண்மைதான், பானையும் உண்மைதான். கிழவர் சொல்லி முடித்ததும் அம்மா எழுந்து குசினிக்குள் போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை.

ஆனால் லாஞ்சில் போன பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. கரி போட்ட ஆளிடம்தான் அவன் போய்க்கொண்டிருந்தான்.

மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டில். உள்ளே கவிழ்த்து வைத்த தோணி. அப்பா பலகை இடுக்குகளில் கயிற்று நாரைத் திணித்து அடித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. எழும்பினால் நான் ஓடிவிடுவேன் என்று நினைத்தாரோ தெரியாது. அடித்துக்கொண்டே கேட்டார்.

"நேத்து ஏன் வரேல்லை, மகன்?"

"படத்துக்குப் போனனான்."

"என்ன படம்?"

"பேர் தெரியாது."

"கதையைச் சொல்லன்."

வேறு எந்தப் படத்தையும் சொல்லியிருக்கலாம். கிளி வளர்த்த ஜமீன்தாரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது அது ஒன்றுதான். ஒரு தோணிக்காரன் இருந்தான் என்று தொடங்கினேன். சுத்தியல் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. பானை உடைந்த இடத்தில் கொஞ்சம் மெதுவானது. கூரைத் தகரத்தில் நின்றுவிட்டது. அப்பா தோணியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மண்ணில் இருந்தார். நான் காய்ச்சலையும் சொல்லி முடித்தேன். கொட்டிலுக்கு வெளியே காற்று மணலை அள்ளி ஓலையில் இறைத்தது.

"கூரையை ஏன் கழட்டினவனாம்?"

"காட்டேல்லை."

"ஒரு இடத்திலயும் காட்டேல்லையோ?"

"இல்லை."

அப்பா நார்த் துண்டு ஒன்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். எங்கள் கூட்டம் என்ன சொன்னது என்று கேட்டார். மூன்று கரி, ஒரு சோகி என்றேன். அவருக்கு விளங்கும்படி அதையும் சொல்லிக் கொடுத்தேன். சோகி போட்டது யார் என்றார். டிக்கெட் கிழிக்கிறவரின் மகள் என்றேன்.

"மற்றவங்கள் போட்டதும் சரிதான்," என்றார். "காட்டாட்டி அவங்கள் என்ன செய்யிறது?"

பிறகு என்னைப் பார்த்தார். சிரித்தாரா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

"படம் முடிஞ்சுதோ, இல்லாட்டி இன்ரவலோட எழும்பி வந்திட்டியோ?"

"தெரியாது," என்றேன்.

லாஞ்சில் வந்த அந்தக் கயிறு எறிகிறவர் கொட்டில் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். பிள்ளை பின்னேரம் திரும்புகிறதா, இடம் வைக்க வேண்டுமா என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பி, "போறியோ, நிக்கிறியோ?" என்றார்.

"நிக்கிறன்."

அவர் எழுந்தார். கையைச் சாரத்தில் துடைத்தார்.

"மகன் நிக்கிறான் எண்டு அவன்ர தாயிட்டச் சொல்லு. நாளைக்குக் கொண்டுவாறன்."

"ஜெட்டியடிக்கு ஆளை வரச் சொல்லட்டோ?"

"வேண்டாம்," என்றார் அப்பா. "வீட்டுக்கு வாறன்."